எழுதிக் கொடுக்கப்படாத நிலம்

புதிதாக ஓர் ஊருக்குக் குடிவரும் ஒருவர் முதலில் கேட்டறிவன சில உண்டு. கடைத்தெரு எங்கே, குடிநீர் எங்கே, வண்டி எத்தனை மணிக்கு வரும் என்பன அவை. இந்நிலம் யாருடையது, இவ்வூர் தோன்றுமுன் இங்கே எவ்வூர் இருந்தது என்று கேட்பவர் மிக அரியர். கேளாமலே ஒருவர் வாழ்ந்து முடித்துவிடலாம். அவ்வாறு வாழ்ந்து முடித்த தலைமுறைகள் உலகில் பல. ஆயினும், அறிவை வளர்ப்பதற்கென்றே எழுந்த ஒரு பல்கலைக் கழகம் இக்கேள்வியைக் கேளாமல் இருந்தால் அதனைப் பெருங்குறை என்றே கொள்ள வேண்டும்.

கனடா நாட்டின் மேற்குக் கரையில், வான்கூவர் நகரின் ஓரத்தில் அமைந்துள்ளது பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக் கழகம். ஆண்டுதோறும் செப்டம்பர்த் திங்களில் உலகின் பல பகுதிகளினின்றும் ஆயிரக் கணக்கான புதிய மாணவர்கள் அங்கு வந்து சேர்கின்றனர். அவர்களுள் தமிழ் பேசுவோரும் உளர். அவர்களை வரவேற்கும் மேடையில் முதலில் ஒரு செய்தி அறிவிக்கப்படுகின்றது: இப்பல்கலைக் கழகம் நிற்கும் நிலம் மஸ்குவியம் என்னும் முதற்குடி மக்களின் வழிவழி நிலம், அது அவர்களால் எவருக்கும் எழுதிக் கொடுக்கப்படாத நிலம் என்பதே அது. இந்த ஒரு வாக்கியம் மேடைக்கு வந்து சேர எவ்வளவு காலம் ஆயிற்று, அதற்குப் பின்னால் எத்தகைய வரலாறு உள்ளது என்பதை அறிவது ஆசிரியர்களுக்குப் பெரிதும் பயன்தரும்.

ஆற்று முகத்து மக்கள்

பிரேசர் ஆறு கடலொடு கலக்கும் இடத்தில் ஆயிரக் கணக்கான ஆண்டுகளாக வாழ்ந்து வருபவர் மஸ்குவியம் மக்கள். ஹன்கமினம் என்பது அவர்தம் மொழி. சால்மன் மீனும் செந்தேவதாரு மரமும் அவர்கள் வாழ்வின் இரு கண்கள். மீன் உணவாயிற்று, மரம் வீடும் ஓடமும் ஆடையும் பெட்டியும் ஆயிற்று.

அவர்களுடைய பெயருக்கே ஒரு கதை உண்டு. இருதலைப் பாம்பு ஒன்று அங்குள்ள சிறு ஏரியொன்றில் வாழ்ந்ததாம். அஃது ஏரியை விட்டு ஊர்ந்து சென்ற தடமே பின்னர் ஓடையாயிற்றாம். அது சென்ற வழியெல்லாம் உயிர்கள் மடிந்தன. ஆயின் அதன் எச்சம் விழுந்த இடத்திலிருந்து புதியதொரு புல் முளைத்தது. அப்புல்லின் பெயரே இடத்துக்கும் மக்களுக்கும் ஆயிற்று. அந்தப் புல் தழைத்த காலமும் உண்டு, தேய்ந்த காலமும் உண்டு. மக்களும் அவ்வாறே என்று முதியோர் சொல்லி வந்துள்ளனர்.

நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என வகுத்த இலக்கண மரபில் வந்தவர்க்கு இக்கதையின் கருத்தை விளக்க வேண்டுவதில்லை. நிலத்தின் பெயரால் மக்களும், மக்களின் வாழ்வால் நிலமும் பொருள் பெறுகின்றன.

1791-ஆம் ஆண்டில் ஸ்பானியக் கப்பலும், 1792-ஆம் ஆண்டில் கேப்டன் ஜார்ஜ் வான்கூவரின் ஆங்கிலக் கப்பலும் அக்கரையை அடைந்தன. தம் நண்பரான கப்பல் தலைவர் ஒருவரின் நினைவாக வான்கூவர் அங்குள்ள நிலமுனைக்குப் பாயிண்ட் கிரே என்று பெயரிட்டார். அம்முனைக்கு முன்னரே ஒரு பெயர் இருந்தது என்பதை அவருடைய நிலப்படம் சொல்லவில்லை. 1808-ஆம் ஆண்டில் சைமன் பிரேசர் என்பவர் நிலவழியே ஆற்றைத் தொடர்ந்து வந்து மஸ்குவியம் ஊரை அடைந்தபோது அம்மக்கள் அவரைத் திருப்பி அனுப்பினர். இன்று அவ்வாற்றுக்கு வழங்கும் பெயர், திருப்பி அனுப்பப்பட்டவரின் பெயரே.

கனடாவின் பிற மாநிலங்கள் பலவற்றில் 1871 முதல் 1921 வரை முதற்குடி மக்களோடு அரசு எண்ணிட்ட உடன்படிக்கைகள் பதினொன்றைச் செய்துகொண்டது. அவ்வுடன்படிக்கைகளின் நேர்மை பற்றிப் பெரும் வழக்குகள் உள. அது வேறு செய்தி. பிரிட்டிஷ் கொலம்பியாவின் பெரும் பகுதியில் அத்தகைய உடன்படிக்கை கூட எழுதப்படவில்லை. வான்கூவர்த் தீவில் 1850-க்கும் 1854-க்கும் இடையே செய்யப்பட்ட பதினான்கு சிறு உடன்படிக்கைகளும், வடகிழக்கு மூலையைத் தழுவிய எட்டாம் உடன்படிக்கையுமே அந்நாளில் செய்யப்பட்டவை. மஸ்குவியம் நிலத்தைப் பொறுத்தவரை விலையும் இல்லை, கையொப்பமும் இல்லை, போரில் தோற்றதும் இல்லை. எழுதிக் கொடுக்கப்படாத நிலம் என்ற தொடரின் நேர்ப்பொருள் இதுவே.

ஒரே காலத்தில் இரு வரலாறுகள்

பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக் கழகம் 1908-ஆம் ஆண்டில் சட்டத்தால் நிறுவப்பட்டு, 1915-ஆம் ஆண்டில் வகுப்புகளைத் தொடங்கியது. முதலில் அது நகரத்துள் நெருக்கடியான கட்டடங்களில் நடந்தது. பாயிண்ட் கிரேயில் தொடங்கிய கட்டட வேலை பாதியில் நின்றிருந்தது. 1922-ஆம் ஆண்டு அக்டோபரில் மாணவர்கள் திரண்டு, நகரத்தெருக்களின் வழியே பாயிண்ட் கிரேக்கு ஊர்வலமாகச் சென்று, கட்டடத்தை முடித்துத் தருமாறு அரசை வற்புறுத்தினர். கற்களைக் குவித்து நினைவுத் தூண் ஒன்றும் எழுப்பினர். 1925-ஆம் ஆண்டில் பல்கலைக் கழகம் அங்குக் குடியேறியது. அந்த ஊர்வலம் 'பெரும் பயணம்' எனப் போற்றப்பட்டது. பல்லாண்டுகள் வரை புதிய மாணவர்க்குச் சொல்லப்பட்ட தோற்ற வரலாறு இதுவே.

மாணவர் கல்விக்காக நடந்து சென்றது பாராட்டுக்குரியதுதான். ஆனால், அதே ஆண்டுகளில் அந்நிலத்தின் மக்களுக்கு என்ன நேர்ந்தது என்பதை அருகில் வைத்துப் பார்க்கும்போதுதான் வரலாறு முழுமை பெறும்.

1876-ஆம் ஆண்டில் கனடா இயற்றிய இந்தியர் சட்டத்தில் ஒரு விதி இருந்தது. முதற்குடி மகன் ஒருவன் பல்கலைக் கழகப் பட்டம் பெறுவானாயின், அவன் சட்டத்தின் கண்ணில் தன் குடியைச் சார்ந்தவனாக இருப்பது தானாகவே முடிந்துவிடும் என்பது அவ்விதி. அது பின்னர் விருப்பத்தின்பாற்பட்டதாகத் தளர்த்தப்பட்டது. ஆயினும் அதன் உட்கருத்தை எவரும் மறுக்க முடியாது. கல்வி வேண்டுமா, குடி வேண்டுமா என்று கேட்ட சட்டம் அது. பட்டம் என்பது பெற்றோரை விட்டுப் பிரிவதற்கான சீட்டாக ஆக்கப்பட்டது.

1885-ஆம் ஆண்டு முதல், பொட்லாச் எனப்படும் கொடைவிழா தடை செய்யப்பட்டது. பெயர் சூட்டல், திருமணம், இறந்தோர் நினைவு, உரிமைகளை வழித்தோன்றல்களுக்கு அளித்தல் ஆகிய அனைத்தும் ஊரார் முன்னிலையில் அவ்விழாவில்தான் நடந்தன. எழுத்தில்லாத சமுதாயத்தில் அதுவே ஆவணக் களரி. அதனைத் தடுத்தது, ஓர் ஊரின் பத்திரங்களையெல்லாம் தீயிட்டதற்கு ஒப்பாகும்.

1920-ஆம் ஆண்டில், பள்ளிவயதுப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து உறைவிடப் பள்ளிகளில் சேர்க்கக் கட்டாயப்படுத்தும் அதிகாரம் அரசுக்கு வந்தது. அரசின் பணத்தாலும் திருச்சபைகளின் நிருவாகத்தாலும் நடந்த அப்பள்ளிகளில் ஏறத்தாழ 1,50,000 குழந்தைகள் சேர்க்கப்பட்டனர். தாய்மொழி பேசியதற்காக அவர்கள் தண்டிக்கப்பட்டனர். நோயாலும் பட்டினியாலும் கொடுமையாலும் இறந்தோர் ஆயிரக் கணக்கினர். அவற்றுள் கடைசிப் பள்ளிகள் 1990-களில்தான் மூடப்பட்டன.

1927-ஆம் ஆண்டில், அதாவது பல்கலைக் கழகம் பாயிண்ட் கிரேயில் குடியேறிய இரண்டாம் ஆண்டில், மற்றொரு விதி சேர்க்கப்பட்டது. நில உரிமை கோரி வழக்காடுவதற்காக அரசின் ஒப்புதலின்றி முதற்குடி மக்களிடம் பணம் திரட்டுவது குற்றம் என்றாயிற்று. நிலம் எங்களுடையது என்று சொல்ல வழக்கறிஞரை அமர்த்தவும் வழியில்லை. பொட்லாச் தடையும் இத்தடையும் 1951-ஆம் ஆண்டில்தான் நீங்கின. நாட்டின் பாராளுமன்றத் தேர்தலில், குடியுரிமைத் தகுதியை இழக்காமலே வாக்களிக்கும் உரிமை அம்மக்கள் அனைவர்க்கும் 1960-ஆம் ஆண்டில் கிடைத்தது.

ஒரு பக்கம் கட்டடம் வேண்டும் என்று மாணவர் ஊர்வலம் சென்றனர், அரசு செவிசாய்த்தது. மறுபக்கம் நிலம் எங்களுடையது என்று மக்கள் கேட்டனர். அரசு அவர்கள் வாயை அடைத்தது. இவ்விரண்டையும் ஒருசேரச் சொல்லாத தோற்ற வரலாறு, பாதி வரலாறே.

கேட்டுப் பெற்ற பெயர்

பல்கலைக் கழகத்தின் விளையாட்டு அணிகள் 1934-ஆம் ஆண்டு முதல் 'இடிப்பறவை' என்ற பெயரைச் சூடி வந்தன. அப்பறவை மேற்குக் கரை முதற்குடிகளின் கதைகளிலும் செதுக்குத் தூண்களிலும் இடம்பெறும் தெய்வத்தன்மை வாய்ந்த பறவை. அப்பெயரைச் சூட எவரிடமும் ஒப்புதல் கேட்கவில்லை. அம்மரபில், குலச்சின்னம் என்பது உரிமைப் பொருள், கொடுத்தாலன்றி எடுத்தாளலாகாது. பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1948-ஆம் ஆண்டில், குவாகுவாக்கவாக் மக்களின் தலைவர் வில்லியம் ஸ்கோ அப்பெயரைப் பயன்படுத்த முறைப்படி இசைவு அளித்தார். செதுக்குக் கலைஞர் எல்லென் நீல் என்ற பெண்மணி வடித்த தூண் ஒன்றும் அப்போது பல்கலைக் கழகத்தில் நிறுவப்பட்டது. இசைவு அளிக்கப்பட்ட அந்நாளில் பொட்லாச் தடை இன்னும் நடைமுறையில் இருந்தது என்பதை நினைத்தல் வேண்டும். தம் விழாவை நடத்த உரிமையற்றிருந்த மக்கள், தம் சின்னத்தைப் பிறர்க்கு மனமுவந்து அளித்தனர்.

நீதிமன்றங்களிலும் மஸ்குவியம் மக்களின் பெயர் நிலைபெற்றுள்ளது. 1958-ஆம் ஆண்டில் அவர்களுடைய நிலத்தில் 162 ஏக்கரை அரசு அதிகாரிகள் ஒரு கோல்ஃப் சங்கத்துக்குக் குத்தகைக்கு விட்டனர். மக்களிடம் கூறிய நிபந்தனைகள் வேறு; எழுதிய நிபந்தனைகள் வேறு. குத்தகைப் பத்திரத்தின் படி மக்கள் கைக்குக் கிடைத்தது 1970-ஆம் ஆண்டில். தலைவர் டெல்பர்ட் கெரின் தொடுத்த வழக்கில், 1984-ஆம் ஆண்டில் கனடாவின் உச்ச நீதிமன்றம் அரசு தன் நம்பிக்கைக் கடமையில் தவறிற்று எனத் தீர்ப்பளித்தது. மீன்பிடி வலையின் நீளம் பற்றி ரொனால்ட் ஸ்பாரோ மீது தொடரப்பட்ட வழக்கில், 1990-ஆம் ஆண்டில் அதே நீதிமன்றம் முதற்குடி உரிமைகள் அரசியலமைப்பின் காவலுக்கு உரியவை என்பதை விளக்கியது. இவ்விரு வழக்குகளையும் கனடாவின் சட்ட மாணவர்கள் பயில்கின்றனர். அவ்வழக்குகளைத் தொடங்கிய ஊர் பல்கலைக் கழகத்துக்குப் பக்கத்து ஊர்.

வகுப்பறையின் சிக்கல்

வரலாறு அறியாமை என்பது வெறும் அறிவுக்குறை அன்று. அது வகுப்பறையில் ஒருவர் தோள்மீது சுமையாக ஏறுகின்றது. 2007-ஆம் ஆண்டில் இப்பல்கலைக் கழகத்து மாணவர் இருவர் ஓர் ஆய்வு தொடங்கினர். 'இன்று வகுப்பில் நான் கற்றது' என்னும் பொருள்படும் பெயர் அதற்கு. முதற்குடி வரலாறு பற்றிய பேச்சு வகுப்பில் எழும்போது என்ன நிகழ்கின்றது என்று மாணவர்களிடம் கேட்டுப் பதிவு செய்தனர்.

வெளிப்பட்டவை ஆசிரியர் எவரும் சிந்திக்க வேண்டியவை. சக மாணவர் ஒருவர் அறியாமையால் புண்படுத்தும் சொல்லைச் சொல்கின்றார்; ஆசிரியர் என்ன செய்வதென்று தெரியாமல் அடுத்த பாடத்துக்குப் போய்விடுகின்றார். அல்லது வகுப்பிலுள்ள ஒரே முதற்குடி மாணவியின் பக்கம் எல்லாரும் திரும்புகின்றனர். நூற்றுக் கணக்கான குடிகளுக்கும் பல மொழிகளுக்கும் அவள் ஒருத்தியே விடை சொல்ல வேண்டியவளாகின்றாள். கற்க வந்தவள் கற்பிப்பவளாகிறாள். அதுவும் தன் பாட்டி பட்ட துன்பத்தைப் பாடமாக்கிச் சொல்ல வேண்டியவளாகிறாள். மௌனமாக இருந்தாலோ, இசைவு எனக் கொள்ளப்படும்.

இதனின்றும் தெளிவாவது யாது? புதியவர்க்கு வரலாறு கற்பிப்பது கல்விக் கூடத்தின் கடமை. அதனைப் பாதிக்கப்பட்டவரின் பிள்ளைகள் மீது சுமத்தலாகாது. கற்பிக்க வேண்டுமாயின், முதலில் ஆசிரியர் கற்றாக வேண்டும்.

செய்த சில பணிகள்

ஆசிரியப் பயிற்சியிலிருந்து தொடங்கியது இங்குக் குறிப்பிடத் தக்கது. முதற்குடி மக்களிடையே ஆசிரியர்களை உருவாக்கும் தனித் திட்டம் ஒன்றை இப்பல்கலைக் கழகம் 1974-ஆம் ஆண்டிலேயே தொடங்கியது. 2012-ஆம் ஆண்டு முதல், ஆசிரியப் பயிற்சி பெறும் மாணவர் அனைவரும், எக்குடியினராயினும், முதற்குடிக் கல்வி பற்றிய பாடம் ஒன்றைக் கட்டாயம் பயில வேண்டும் என்றாயிற்று. முன்னது அம்மக்களுக்கு ஆசிரியர்களைத் தந்தது. பின்னது ஆசிரியர்களுக்கு அம்மக்களின் வரலாற்றைத் தந்தது.

1993-ஆம் ஆண்டில் முதற்குடி மாணவர்க்கென நெடுமனை ஒன்று திறக்கப்பட்டது. 1997-ஆம் ஆண்டு முதல் மஸ்குவியம் மக்களோடு இணைந்து ஹன்கமினம் மொழி கற்பிக்கப்பட்டு வருகின்றது. தாய்மொழி பேசியதற்காகப் பிள்ளைகள் அடிபட்ட நாட்டில், அம்மொழி பல்கலைக் கழகப் பாடமாயிற்று. 2018-ஆம் ஆண்டில் பல்கலைக் கழகத்துத் தெருப் பலகைகளிலும் ஹன்கமினம் எழுத்துகள் ஏறின. புதிதாக வந்த மாணவர் தம் விடுதிக்கு வழி தேடும்போதே, படிக்கத் தெரியாத ஒரு மொழியைக் காண்கின்றனர். இஃது என்ன மொழி என்று கேட்பது கல்வியின் முதற்படி.

உறைவிடப் பள்ளிகளின் உண்மையை ஆராய அமைந்த ஆணைக்குழு 2013-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் வான்கூவருக்கு வந்தது. அப்போது பல்கலைக் கழகம் ஒரு நாள் தன் வகுப்புகளில் பெரும்பாலானவற்றை நிறுத்தி, அப்பள்ளிகளில் பயின்றோர் கூறும் சான்றுகளைக் கேட்க மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் வழிசெய்தது. 2015-ஆம் ஆண்டில் அக்குழு வெளியிட்ட 94 பரிந்துரைகளில் பல கல்வியைப் பற்றியவை. 2016-ஆம் ஆண்டில் வினிபெக் பல்கலைக் கழகமும் லேக்ஹெட் பல்கலைக் கழகமும் இளநிலை மாணவர் அனைவர்க்கும் முதற்குடிப் பாடம் ஒன்றைக் கட்டாயமாக்கின.

2016-ஆம் ஆண்டில் இருதலைப் பாம்பின் கதையைச் சொல்லும் மஸ்குவியம் தூண் ஒன்று பல்கலைக் கழகத்தில் நிறுவப்பட்டது. செதுக்கியவர் அக்குடியினரான பிரென்ட் ஸ்பாரோ. 2017-ஆம் ஆண்டில் ஹைடா குடித் தலைவரும் கலைஞருமான ஜேம்ஸ் ஹார்ட் வடித்த இணக்கத் தூண் எழுப்பப்பட்டது. 55 அடி உயரமுள்ள அத்தூணின் நடுவே உறைவிடப் பள்ளிக் கட்டடம் ஒன்று செதுக்கப்பட்டுள்ளது. அதன்மேல் ஆயிரமாயிரம் செம்பு ஆணிகள். அவை அப்பள்ளிகளில் உயிர் நீத்த குழந்தைகளின் நினைவு. பல குடிகளைச் சேர்ந்தோரும், பள்ளி மாணவரும், இறந்தோரின் உறவினரும் அவ்வாணிகளை அடித்தனர். நூலில் ஓர் எண்ணைப் படிப்பது ஒன்று. அவ்வளவு ஆணிகளை அண்ணாந்து பார்ப்பது மற்றொன்று.

2018-ஆம் ஆண்டு ஏப்ரலில், உறைவிடப் பள்ளி வரலாற்றுக்கென ஒரு மையம் திறக்கப்பட்டபோது, பல்கலைக் கழகத் தலைவர் சாந்தா ஓனோ மன்னிப்புக் கேட்டார். பல்கலைக் கழகம் நேரே அப்பள்ளிகளை நடத்தவில்லை. ஆனால் அம்முறையை வகுத்தோரும் நடத்தியோரும் பலர் கல்லூரிகளில் பயின்றவர்களே. கற்றவர் நாடு முழுதும் இருந்தும் கேள்வி எழவில்லை. அந்த மௌனத்துக்கான மன்னிப்பு அது.

சொல்லும் செயலும்

இவ்வளவும் கண்டு எல்லாம் சீராகிவிட்டது என்று முடிவு கட்டுதல் தவறு. கூட்டத்தின் தொடக்கத்தில் சொல்லப்படும் அந்த ஒரு வாக்கியமே இன்று பலருக்குச் சடங்காகி வருகின்றது என்று முதற்குடி அறிஞர்களே கூறுகின்றனர். நிலம் உங்களுடையது என்று சொல்லிவிட்டு, அதிலேயே மாளிகை எழுப்புவதா என்று கேட்போரும் உளர். அக்கேள்விக்கு மேடைப் பேச்சால் விடை தர இயலாது. மாநில அரசு 2008-ஆம் ஆண்டில் செய்த உடன்பாட்டின்படி, பல்கலைக் கழகத்தை அடுத்துள்ள சில நிலங்கள் மஸ்குவியம் மக்களிடம் திரும்பின. அது சிறு அளவே; எனினும் சொல்லுக்கும் செயலுக்கும் இடையே பாலம் கட்ட முடியும் என்பதற்குச் சான்று.

மேடையில் இரு முறைகள் வழங்குதலையும் அறிய வேண்டும். வருக என்று வரவேற்பது அந்நிலத்துக்குரிய மஸ்குவியம் மக்களுக்கு மட்டுமே உரியது. மற்றவர் எவரும் செய்யக்கூடியது, அந்நிலத்தில் தாம் விருந்தினர் என்பதை ஒப்புக்கொள்வது. வீட்டுக்காரர் வாயிலில் நின்று அழைப்பதும், விருந்தினர் செருப்பைக் கழற்றி வைத்து உள்ளே வருவதும் போன்ற வேறுபாடு இது. இவ்வேறுபாட்டை உணர்ந்த மாணவர் அந்த வாக்கியத்தின் பொருளையும் உணர்ந்தவராவர்.

மலேசியா, சிங்கை நாடுகளில் வாழும் தமிழர்க்கு இவையெல்லாம் கடல் கடந்த செய்தியாகத் தோன்றலாம். அவ்வாறன்று. பிரிட்டிஷ் கொலம்பியாவின் நிஸ்கா மக்கள் தொடுத்த கால்டர் வழக்கில் 1973-ஆம் ஆண்டில் கனடாவின் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, 1997-ஆம் ஆண்டில் ஜொகூர் பாரு உயர் நீதிமன்றத்தில் எடுத்தாளப்பட்டது. லிங்கியு நீர்த்தேக்கத்துக்காகத் தம் காட்டை இழந்த ஜாக்கூன் மக்கள் தொடுத்த அடோங் பின் குவாவ் வழக்கு அது. ஒராங் அஸ்லி மக்களுக்குத் தம் வழிவழி நிலத்தின்மேல் உரிமை உண்டு என்று நீதிமன்றம் அதில் தீர்ப்பளித்தது. அந்நீர்த்தேக்கமே சிங்கப்பூருக்கு நீர் தரும் ஜொகூர் ஆற்றுக்குத் துணைநிற்பது. குழாயைத் திறந்தால் வரும் நீருக்கும் ஒரு நிலத்தின் வரலாறு உண்டு.

காடழித்துத் தோட்டங்கண்ட தமிழர்களின் உழைப்பு வரலாறு பெருமைக்குரியது. அதனைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும். அவ்வரலாற்றைச் சொல்லும்போது, அக்காட்டில் அதற்கு முன் யார் வாழ்ந்தனர், ஆற்றுக்கும் மலைக்கும் அவர்கள் இட்ட பெயர் யாது என்பதையும் சேர்த்துச் சொன்னால் தமிழர் பெருமை குறைந்துவிடாது. தம் வரலாறு மறக்கப்படுதலாகாது என்று வேண்டும் மக்கள், பிறர் வரலாற்றை மறவாதிருத்தலே முறை. அதற்குப் பெருஞ்செலவும் தேவையில்லை. ஊர்ப்பெயர் ஒன்றைக் கரும்பலகையில் எழுதி, இப்பெயரை முதலில் வைத்தவர் யார் என்று கேட்டால் போதும், பாடம் தொடங்கிவிடும்.